கொஞ்சம் திருப்பிப் போடுங்கக்கா

சசிகலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக லேப் அசிஸ்டென்ட். இந்த வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. மாணவர்களுக்கு அவள் ‘லேப் அக்கா’. பேராசிரியர்களுக்கு ‘ஏம்மா’. முதல்வருக்கு ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். கண்ணாடிக் குடுவை ஏதாவது உடைந்தால் மட்டும், உடைந்த பொருட்களின் பதிவேட்டில் கு. சசிகலா என்று இனிஷியலோடு மரியாதையாக எழுதுவார்கள்.

பிறந்தது இண்டூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அந்தப் பக்கத்து போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பலருக்கும் பல்லில் காவி ஏறிவிடும். சாம்பல், உப்பு, செங்கல் தூள் எதற்கும் மசியாது. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்து சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு முன்பே பெண் பார்க்க நான்கு வீட்டார் வந்து போய்விட்டார்கள். முதல் மூன்று வீட்டாரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். நான்காவது கும்பலில் ஒரு அத்தைக்காரி, விவரமானவள். “கொஞ்சம் சிரி பாப்பா, பாக்கலாம்” என்றாள். சசிகலா சிரிக்கவில்லை. அதோடு அவள் அப்பா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிற பழக்கம் அவளுக்கு அப்போது வந்ததுதான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி அருள்குமார் கோயமுத்தூரில் குடும்பமாக இருக்கிறான். பொங்கலுக்கு வருவான், வராமலும் இருப்பான். சசிகலா தருமபுரியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். காலையில் கல்லூரிப் பேருந்து, மாலை ஐந்தரைக்கு அதே பேருந்தில் வந்து இறங்கி மாடி ஏறினால் அன்றைய பேச்சு முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கள்கிழமை காலை வரை அவள் வாயிலிருந்து வருவது “ஒரு பாக்கெட்” என்ற இரண்டே வார்த்தைதான், அதுவும் பால் கடைக்காரரிடம். திங்கள்கிழமை பேருந்து ஓட்டுநருக்கு வணக்கம் சொல்லும்போது குரல் கட்டிக்கொண்டு முதலில் இருமல்தான் வரும். அந்த ஆளும் நாலைந்து வருஷமாக “மாத்திரை போடும்மா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படி இருந்தவளிடம்தான் வெண்மதி வந்து சேர்ந்தாள்.

வெண்மதி மாரண்டஹள்ளிப் பெண். தக்காளி போடுகிற குடும்பம். ஆராய்ச்சிப் படிப்புக்காகச் சேர்ந்தவள், கல்லூரி விடுதியில் தங்கியிருந்தாள். வாய் ஓயாது. முதல் வாரமே, சசிகலா கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, அவள் முகத்தை நேராகப் பார்த்து, “தண்ணிதானேக்கா? எங்க சின்ன அத்தைக்கும் இப்பிடித்தான்” என்றாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து, “ஊறுகா இருக்குதுங்களா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் அந்தப் பேச்சு. நாற்பது வயதுவரை ஊரெல்லாம் சுற்றி வளைத்துப் பேசிய ஒரு விஷயத்தை இந்தப் பெண் ஊறுகாய்க்கு முன்னால் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து வெண்மதியோடு பேசும்போது மட்டும் சசிகலாவின் கை தானாகக் கீழே இறங்கிவிடும்.

வெண்மதியின் ஆராய்ச்சி என்னவென்று துறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. சசிகலாவுக்குத் தெரியும். தினமும் மதியம் சோறு தின்கிற நேரத்தில் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டது.

“மடிக்கிற ஃபோனு இருக்குதில்லீங்களா, அதுல கண்ணாடி போட்டா உடைஞ்சிரும். சாதா பிளாஸ்டிக் போட்டா மடிப்பு விழுந்து வெள்ளையாயிரும். கண்ணாடி மாதிரி தெரியணும், துணி மாதிரி மடங்கணும், கிழியவும் கூடாது. அதுக்குத்தான் உள்ளாற நாரு வைக்கிறது” என்பாள்.

நாருக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. தருமபுரியில் பட்டுக்கூடு மார்க்கெட் இருக்கிறது. கழிவாகத் தள்ளிய கூடுகளை வாங்கி வந்து, சோடா போட்டு வேகவைத்துப் பசையை எடுப்பது சசிகலாவின் வேலை. பசை போன பட்டைக் கரைத்து ஊசியில் ஏற்றி, கரண்ட் வைத்து இழுத்தால், கண்ணுக்கே தெரியாத இழையாகப் பறந்துபோய்ச் சுழல்கிற உருளையில் படியும். ஒரு மணி நேரத்தில் உருளை மேல் மெல்லிய வெள்ளைத் தாள். அதை உரித்து, கையகலத்துக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு அடுக்கி, ரெசின் என்கிற தெளிந்த பிசினை ஊற்றி அழுத்தவேண்டும். மழையில் நனைந்த வெள்ளை வேட்டி உடம்பைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி, ரெசினில் ஊறியதும் வெள்ளைத் தாள் மறைந்து கீழே இருப்பது தெரியும். அது இறுகியதும் கிடைப்பதுதான் படலம். எங்கேயாவது ஒரு இடத்தில் காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் புகை படிந்தது போலாகிவிடும். அப்படியானால் அன்றைய வேலை குப்பைக்கு.

எப்படி அடுக்குவது என்பதற்கு வெண்மதிக்கு வழிகாட்டி ஒரு வண்டு. தென்னங்குருத்தைத் தின்கிற காண்டாமிருக வண்டு. செத்த வண்டு ஒன்றை மேசை மேல் சின்னக் கண்ணாடித் தட்டில் வைத்திருந்தாள். அதன் முதுகு ஓட்டில் நார்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கைவிடச் சற்றே திரும்பி இருக்கிறது, அதனால்தான் விரிசல் நேராக ஓடமுடியாமல் வழி தவறி நின்றுவிடுகிறது என்று அவள் சொல்வாள். தோப்புக்காரர்கள் வண்டைக் கம்பியால் குத்தி எடுத்துக் காலில் போட்டு மிதிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் சசிகலா. அந்த வண்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தாள்.

முதல் படலம் செய்யவேண்டிய நாளில் வெண்மதிக்கு மஞ்சள் காமாலை. மாரண்டஹள்ளியில் படுத்திருந்தாள். துறைத் தலைவரோ அன்றைக்கே வேண்டும் என்கிறார். வெண்மதி படுக்கையிலிருந்து போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரெசின் அளவு, சூடு, நேரம். கடைசியில் குரலே வராமல், “அடுக்கறப்ப மட்டும் ஒவ்வொண்ணையும் கொஞ்சம் திருப்பிப் போடுங்கக்கா” என்றாள்.

சசிகலா அப்படியே செய்தாள். ஒரு தாளை வைத்தாள். அடுத்ததை, தோசையைத் திருப்பிப் போடுவது போல, மேல்பக்கம் கீழாகப் புரட்டி வைத்தாள். அதற்கடுத்தது நேராக. அடுத்தது புரட்டி. பன்னிரண்டு தாளும் முடிந்தன.

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் “கொஞ்சம் கதவைச் சாத்துங்க” என்றால் யாரும் கதவைப் பாதி சாத்திவிட்டு வருவதில்லை. “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்பதில் அளவு இருக்கிறது, “கொஞ்சம் அந்தப் பேனாவைக் குடுங்க” என்பதில் என்ன அளவு இருக்கிறது? வெண்மதி சொன்ன கொஞ்சம் பதினைந்து டிகிரி. சசிகலா கேட்ட கொஞ்சம் மரியாதை. வயதில் பெரியவளிடம் வேலை சொல்கிற பெண், தன்மையாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். வண்டின் அடுக்குத் திரும்பி இருக்கிறது என்று கேட்டதையும் அவள் புரண்டு கிடக்கிறது என்றே நினைத்திருந்தாள்.

அந்தப் படலம் வந்தது பாருங்கள், செய்தித்தாள் மேல் வைத்தால் வைத்தது தெரியவில்லை. மேலே வெள்ளிக் கோடு அச்சிட்டு, ஒரு சின்ன விளக்கை இணைத்து, மடக்கி விரிக்கிற எந்திரத்தில் மாட்டினார்கள். பத்தாயிரம் தடவை மடங்கியும் விளக்கு அணையவில்லை. வெண்மதி உடம்பு தேறி வந்து அதைக் கையில் வாங்கியபோது அழுதேவிட்டாள். அதன் பிறகு அடுக்குகிற வேலை நிரந்தரமாகச் சசிகலாவுடையது ஆகிவிட்டது. தூசி இல்லாமல் அடுக்குவதற்கென்று தடுத்த அறை ஒன்று உண்டு, அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே ஒரு ஆள்தான் நிற்கலாம். வெண்மதி வெளியே உட்கார்ந்து எழுதுவாள், சசிகலா உள்ளே நின்று திருப்பிப் போடுவாள். வெளியூருக்கு அனுப்பி எடுத்த நுண்ணோக்கிப் படங்களில் பன்னிரண்டு அடுக்கு இருப்பது தெரிந்ததே தவிர, எது எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது என்பது தெரியவில்லை. கட்டுரையில் பதினைந்து டிகிரி என்றே போட்டார்கள்.

கட்டுரை ஒரு நல்ல இதழில் வந்தது. முடிவில் நன்றிப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது, ‘திருமதி சசிகலா’ என்று. அந்தத் திருமதியை வெண்மதி கவனிக்கவில்லை. சசிகலா கவனித்தாள், சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பட்டம் வாங்கியதும் வெண்மதிக்குப் பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. முதலில் ஆறு மாதம். அதற்குள் அந்தப் படலத்தை அங்கே பெரிதாகச் செய்து காட்டினால் மூன்று வருஷம். ஓசூர் பேருந்தில் ஏறிப் போனாள். சசிகலா கை காட்டிவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினாள். அடுத்த வாரம் ஊசியும் உருளையும் கழற்றி ஸ்டோர் ரூமுக்குப் போயின. மதியச் சோறு மறுபடியும் தனிச் சோறு ஆனது. வெண்மதி இருந்த பழக்கத்தில் சசிகலா இரண்டு பேருக்கு ஊறுகாய் எடுத்துவைத்து, இரண்டு பேருடையதையும் தானே தின்று, ஒரு மாதம் வயிற்றெரிச்சலில் கஷ்டப்பட்டாள். இரண்டு மாதம் போன் வரவில்லை. பெரிய இடம், வேலை இருக்கும் என்று சசிகலாவே வெண்மதிக்காகப் பரிந்து தன்னிடம் பேசிக்கொண்டாள்.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் பேருந்தை விட்டு இறங்குகிற நேரத்தில் போன் அடித்தது.

“அக்கா, வரமாட்டேங்குதுக்கா” என்றாள் வெண்மதி, எடுத்த எடுப்பில். “எத்தன தடவ பண்ணியும் பொகை படிஞ்சாப்ல இருக்குது. மடக்கினா அடுக்கு அடுக்கா பிரிஞ்சுக்குது. நீங்க எப்பிடிப் பண்ணீங்க, மொதல்ல இருந்து சொல்லுங்க.”

சசிகலா தெருவிலேயே நின்று சொன்னாள். கூட்டை எவ்வளவு நேரம் வேகவைத்தாள், எத்தனை தண்ணீரில் அலசினாள், தாளைக் கிழியாமல் உரிக்க எப்படி மூலையிலிருந்து இழுத்தாள் எல்லாம் சொன்னாள். வெண்மதி குறித்துக்கொண்டாள். மறுநாள் ஐந்தரைக்கு மறுபடி கூப்பிட்டாள். அப்படியே தினமும் என்று ஆகிவிட்டது. பெங்களூர்த் தண்ணீரா, குளிரா, அந்த ஊர் ரெசினா என்று இரண்டு பேரும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். வேலைப் பேச்சு பத்து நிமிஷம், மீதி அரை மணி நேரம் விடுதிச் சாம்பார், மாடி வீட்டுக்காரம்மா பூனை, அத்தை மகள் கல்யாணம். சசிகலா பேருந்திலிருந்து இறங்கும்போதே போனைப் பையிலிருந்து கையில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். திங்கள்கிழமைக் காலை இருமலும் நின்றது. ஓட்டுநர் தான் சொன்ன மாத்திரைதான் வேலை செய்தது என்று பெருமைப்பட்டார்.

இரண்டரை மாதம் கழித்து வெண்மதி ஒரு வீடியோ அனுப்பினாள். “நான் பண்றத அப்பிடியே எடுத்திருக்கேன்க்கா. எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுங்க.”

சசிகலா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். வெண்மதியின் கை ஒரு தாளை வைத்தது. கீழே கோணம் குறித்த அட்டை. அடுத்த தாளை இடுக்கியால் எடுத்து, மேசை மேல் இருக்கிற தட்டைச் சற்றுத் திருகுவது போல, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் திருப்பி வைத்தது. அடுத்ததும் அப்படியே. எப்போது புரட்டப்போகிறாள் என்று சசிகலா பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு தாளும் முடிந்து ரெசினும் ஊற்றியாகிவிட்டது. வெண்மதி ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை.

மறுபடி போட்டுப் பார்த்தாள். நான்காவது தடவை பார்க்கும்போதுதான் அந்த மஞ்சள் காமாலை நாளின் கொஞ்சம் என்ற வார்த்தை அவளுக்கு முழுதாக விளங்கியது. எத்தனை படலம், எத்தனை சோதனை, ஒரு பட்டம், ஒரு கட்டுரை, எல்லாம் அவள் தப்பாகக் காதில் வாங்கிய ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அந்தத் தப்புதான் சரியாக வந்திருக்கிறது என்பதும் அவளுக்கு அப்போதே புரிந்தது. உருளையில் ஒட்டியிருந்த பக்கம் வழுவழுப்பு, ஊசியைப் பார்த்த பக்கம் பஞ்சு. புரட்டிப் புரட்டி வைத்ததால் பஞ்சும் பஞ்சும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன, வழுவழுப்பும் வழுவழுப்பும் படிந்து ஒட்டிக்கொண்டன, காற்றுக்கு இடமில்லை. அவள் மூலையிலிருந்து உரித்து, கைவாகுக்குச் சாய்வாக வெட்டிய தாள்கள், புரட்டும்போது ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சாய்ந்து இழைகள் குறுக்கே விழுந்தன. வெண்மதியின் அடுக்கில் பஞ்சு மேல் வழுவழுப்பு. அது பிரியத்தான் செய்யும். பத்தொன்பது வருஷம் லேபில் நின்றவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை.

மறுநாள் ஐந்தரைக்குப் போன் வந்தது. சொல்லிவிடத்தான் எடுத்தாள்.

“பாத்தீங்களாக்கா? எதாச்சும் தெரிஞ்சுதா?”

“ரெசின இன்னும் கொஞ்சம் சூடு பண்ணிப் பாரு கண்ணு” என்றாள் சசிகலா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. போனை வைத்த பிறகு புரிந்தது. சூடு பண்ணிப் பார்த்தால் என்ன ஆயிற்று என்று சொல்ல நாளைக்கு வெண்மதி கூப்பிட்டாக வேண்டும். புரட்டிப் போடு என்று சொல்லிவிட்டால், நாளை மறுநாள் கூப்பிட என்ன இருக்கிறது?

அடுத்த நாள் ஈரப்பதத்தைக் குறை என்றாள். அதற்கடுத்த நாள் கூட்டை மாற்று என்றாள். ஒருநாள் அழுத்துகிற எடையைக் கூட்டு என்றாள். எல்லாம் கேட்பதற்கு நியாயமான யோசனைகள்தான், திருடுகிறவன் கணக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். வெண்மதி ஒவ்வொன்றையும் நம்பிச் செய்தாள். ஒவ்வொன்றும் தோற்றது. ஒவ்வொரு தோல்வியும் அரை மணி நேரப் பேச்சாக மாடி அறைக்கு வந்து சேர்ந்தது. இது நல்ல காரியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சசிகலாவும் சொல்லிக்கொள்ளவில்லை. நாளைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு ராத்திரியும் நினைத்தாள். ஆனாலும் ஐந்தரை ஆனால் கை போனைத் தேடியது.

இப்படிப் பதினாறு நாள் போயிற்று.

பதினாறாவது நாள் வெண்மதியின் குரல் வேறு மாதிரி இருந்தது. ஆறாம் மாதம் முடியப்போகிறது. வரும் வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் படலத்தை வைக்கவேண்டும். அன்று காலை அங்கிருந்த பெரிய சார் எல்லார் முன்னாலும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

“அந்த ஊர்ல வந்த ரிசல்ட்டெல்லாம் நெசந்தானா, இல்ல எழுதிக்கிட்டதான்னு கேக்கறாருக்கா. எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. நானே பொய் சொல்லிட்டேனோன்னு எனக்கே டவுட்டா இருக்குது.” கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. “போதுங்கக்கா. வெள்ளிக்கெழம முடிஞ்சதும் சாமானக் கட்டிக்கிட்டு வூட்டுக்கே வந்தர்றேன். நம்ம காலேஜிலயே எதாச்சும் வேல கெடைச்சா போதும். உங்ககூடவே சோறு தின்னுக்கிட்டு இருந்தர்றேன்.”

சசிகலாவுக்கு மனம் குதித்தது. பொய் சொல்லி என்ன, குதிக்கத்தான் செய்தது. மதியம் இரண்டு டிபன் பாக்ஸ், எதிரில் ஓயாத வாய் என்று கண்ணுக்குள் ஒரு கணம் வந்தே போய்விட்டது. போனில் ஒரு பெண் தன் வாழ்க்கை போயிற்றே என்று அழுகிறாள், இங்கே தனக்கு இனிக்கிறது. அந்த இனிப்பைக் கண்டுதான் அவள் பயந்தாள். நாலு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனபோதுகூடத் தன்னை இவ்வளவு அசிங்கமாக அவள் நினைத்ததில்லை.

“கண்ணு, அழுவாத. நாஞ் சொல்றதக் கேளு” என்றாள். “நீ தாளைச் சுத்தி வைக்கற. நான் அப்பிடி வைக்கல. தோசையாட்டம் பொரட்டிப் போட்டேன். ஒண்ணு நேரா, ஒண்ணு பொரட்டி. மொத நாளு நீ திருப்பிப் போடுங்கன்னு சொன்ன, நான் அப்பிடித்தான் எடுத்துக்கிட்டேன். எல்லாப் படலமும் அப்பிடித்தான் பண்ணது. தாளையும் நேரா வெட்டாத, மூலையில இருந்து சாய்ச்சு வெட்டு. பஞ்சோட பஞ்சு சேரணும். வந்துரும்.”

அந்தப் பக்கம் பேனா தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. வெண்மதி கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

“பொரட்டியா?” என்றாள் மெதுவாக. பிறகு, “ஐயோ... ஆமாக்கா. ஆமா. பஞ்சுப் பக்கம்...” என்றாள். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. ஏதோ நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“வீடியோ அனுப்பிப் பதினாறு நாளாச்சு” என்றாள் வெண்மதி. “அதுல நான் பொரட்டலீன்னு நல்லாத் தெரியுமே. உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?”

இப்போதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெண்மதி நம்பியிருப்பாள். நம்பத்தான் கேட்டாள் போலிருந்தது.

“அன்னிக்கே தெரிஞ்சிருச்சு கண்ணு.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

சசிகலாவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. எடுத்துவிட்டுச் சொன்னாள். “சொல்லிட்டா நீ அப்பறம் போன் பண்ணமாட்டியே.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இரண்டு நொடியில் போன் வைக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் ஐந்தரைக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், லேபில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. ஒரு மேசை மேல் வெண்மதியின் கை. கையின் மேல் ஒன்றும் இல்லை போலத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால்தான் ஓரத்தில் ஒரு கோடு போல வெளிச்சம், கையின் மேல் படலம் கிடக்கிறது. கீழே ‘வந்துருச்சு. கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்பியாச்சு’ என்று இரண்டு வரி. அக்கா என்ற வார்த்தை இல்லை. சசிகலா தண்ணீர்க் கையோடு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு புகைத் திட்டுக்கூட இல்லை. நல்லா வந்திருக்கு என்று பதில் அடித்து, அழித்து, மறுபடி அடித்து அனுப்பினாள். அது படிக்கப்பட்டது. பதில் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு வெண்மதிக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று துறைத் தலைவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் ஆள் இல்லை. திங்கள்கிழமைக் காலை மறுபடியும் இருமலோடு விடிந்தது.

ஒரு மாதம் போயிற்று. அவள் போனில் வெண்மதியின் பெயருக்கு நேராக இருந்த அழைப்புகள் எல்லாம் வந்தவை. இந்தப் பக்கமிருந்து போனது ஒன்றுகூட இல்லை. அதை அவள் ஒரு மாலையில், சோறு அடுப்பில் இருக்கும்போது, கவனித்தாள். நாலு வருஷப் பழக்கத்தில் தானாக ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. பெரிய படிப்புப் படிக்கிற பெண்ணை நாம் எதற்குத் தொந்தரவு செய்வது, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றே இருந்துவிட்டாள். கூப்பிட ஒரு காரணம் வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அந்தக் காரணத்துக்காகத்தான் ஒரு பெண்ணைப் பதினாறு நாள் அழவைத்தாள்.

அடுப்பை அணைத்தாள். காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் இல்லாமலே பெயரை அழுத்தினாள். ஏழெட்டு தடவை அடித்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

“சொல்லுங்க” என்றாள் வெண்மதி. பின்னால் ஏதோ எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. “என்ன விஷயம்?”

“விஷயம் ஒண்ணும் இல்ல கண்ணு. சும்மாத்தான் பண்ணேன்.”

பின்னால் எந்திரத்தை அணைக்கிற சத்தம் கேட்டது. சசிகலா வைத்துவிடவில்லை.

“சாப்டீங்களா?” என்று கேட்டாள் வெண்மதி.

“இனிமேத்தான்” என்றாள் சசிகலா. “நீ?”

“நானும் இனிமேத்தான்க்கா.”